மூன்று மணி நேர விருந்து

பிரான்ஸ் நாட்டிலே லியோன் நகரத்து உணவு விடுதி ஒன்றில் ஓர் இரவு விருந்துண்ணச் சென்றோம். எட்டு மணிக்கு அமர்ந்ததும் பரிமாறுபவர் வந்தார். முதலில் என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "முடிவில் சூஃப்லே வேண்டுமானால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றார். பத்தரை மணிக்கு உண்ணப்போகும் இனிப்பை எட்டு மணிக்கே ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு விந்தையாக இருந்தது. சரி என்று தலையாட்டி வைத்தேன்.

சூப், மீன், இறைச்சி, பாலாடைக்கட்டி, இனிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வருவதே பிரெஞ்சு விருந்தின் முறை. இம்முறை அவர்களுக்குப் பழைமையானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்களுடைய பெருவிருந்துகளில் பல பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் மேசைமீது பரப்பிவிடுவர். பார்ப்பதற்கு அழகுதான், ஆனால் வாய்க்குள் போவதற்குள் பாதி ஆறிப்போகும். 1810-ஆம் ஆண்டையொட்டி, பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த குராக்கின் என்பவர் தம் நாட்டு வழக்கப்படி ஒவ்வொன்றாகப் பரிமாறச் செய்தார் என்பர். அந்நூற்றாண்டிலேயே இம்முறை மெல்லப் பரவி நிலைத்துவிட்டது.

சூடான பொருள், சூழ்நிலையைவிட எவ்வளவு மிகுதியான வெப்பநிலையில் உள்ளதோ அவ்வளவு விரைவாக வெப்பத்தை இழக்கும் என்பது நியூட்டனின் குளிர்தல் விதி. எனவே, அடுப்பிலிருந்து இறக்கிய முதற் சில நிமிடங்களிலேதான் இழப்பு மிகுதி. அதிலும் தட்டு ஒரு பெரிய திருடன்! ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 கிராம் உணவு, 70° செ. வெப்பநிலையில் உள்ளது; அதன் தன்வெப்பம் ஏறத்தாழ 0.8 கலோரி. பீங்கான் தட்டு 600 கிராம், 20° செ.; தன்வெப்பம் 0.2 கலோரி. இரண்டின் வெப்ப ஏற்புத்திறனும் 120 கலோரிதான். ஆகவே இரண்டும் சேர்ந்து நடுவில், 45° செ.-இல் நிற்கும். வெதுவெதுப்பான உணவு யாருக்கு வேண்டும்? தட்டை முன்னதாகவே 60° செ. வரை சூடாக்கி வைத்தால் உணவு 65° செ.-இல் இருக்கும். எங்கள் தட்டுகளைப் பரிமாறுபவர் துணி சுற்றிப் பிடித்து வந்ததன் காரணம் அப்போது புரிந்தது.

நான் ஒரு தவறு செய்தேன். இடைவேளைகளில் கூடையிலிருந்த ரொட்டியைத் தின்றுகொண்டே இருந்தேன். இறைச்சி வந்தபோதே வயிறு நிரம்பிவிட்டது. பாலாடைக்கட்டியைத் தொடவே இல்லை. ஆயினும் சூஃப்லே வந்ததும் கை தானாக நீண்டது! ஆக்ஸ்போர்டில் பார்பரா ரோல்ஸும் உடனுழைத்தோரும் 1981-இல் இதை ஆராய்ந்தனர். ஓர் உணவைத் தெவிட்டும்வரை உண்டவருக்கு அந்த உணவின்மீதுதான் விருப்பம் பெரிதும் குறைகிறது; சுவையும் மணமும் வேறான உணவுகள்மீது அவ்வளவாகக் குறைவதில்லை என்று கண்டனர். வயிறு நிறைவதும் நாக்குச் சலிப்பதும் வெவ்வேறு செய்திகள். பல முறை விருந்து இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அளவுக்கு மீறி உண்பதற்கும் இதுவே வாயில்.

இனி சூஃப்லே. முட்டையின் வெண்கருவை நுரைக்க அடித்து, மஞ்சள் கருவும் சர்க்கரையும் கலந்த குழம்புடன் சேர்த்து, கிண்ணத்தில் இட்டுச் சூட்டடுப்பில் வைப்பார்கள். அது விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கும். குமிழ்களிலுள்ள காற்று விரிவதால்தானே என்பீர்கள். 20° செ. என்பது 293 கெல்வின், 80° செ. என்பது 353 கெல்வின். சார்லஸ் விதிப்படி பருமன் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். மீதிக்கு என்ன விடை? நீராவி! 80° செ.-இல் நீரின் ஆவி அழுத்தம் 355 மி.மீ. பாதரசம். வளி அழுத்தமான 760-இல் ஏறக்குறையப் பாதியை ஆவியே தாங்கிக்கொள்வதால், உள்ளே சிறைப்பட்ட காற்று மீதி 405 மி.மீ. அழுத்தத்திற்கு ஏற்ப விரிகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் குமிழின் பருமன் இருமடங்குக்கு மேலாகிறது.

அடுப்பை விட்டு வெளியே வந்ததும் ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகும், குமிழ் சுருங்கும். அதனால் சூஃப்லே நமக்காகக் காத்திராது, நாம்தான் அதற்காகக் காத்திருக்க வேண்டும். சமையற்காரர் அடுப்பில் வைக்கும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடவே எட்டு மணிக்கு அந்தக் கேள்வி. ஆக்ஸ்போர்டின் தாழ்வெப்ப இயற்பியலறிஞர் நிக்கலஸ் கூர்ட்டியும் 1969-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சமையலறை இயற்பியல் பற்றிப் பேசியபோது சூஃப்லேயைத் தம் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்த நண்பருக்கு நான் விளக்கி முடித்தபோது, என்னுடைய சூஃப்லே கிண்ணத்தின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே போயிருந்தது.