சைடுகார் இணைப்பும் மோட்டார் சைக்கிளின் முன்புறத் திருப்பு வடிவியலும்

சைடுகார் என்பது மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் இணைக்கப்படும் ஒற்றைச் சக்கர இருக்கைப் பெட்டி ஆகும். இதை இணைத்ததும் இருசக்கர வண்டி மூன்று சக்கர வண்டியாக மாறுகிறது. அதைத் திருப்பும் முறையும் மாறுகிறது. எனவே முன் சக்கரம், ஃபோர்க், திருப்பு அச்சு ஆகியவற்றின் அளவுகளைச் சைடுகாருக்கு ஏற்ப மாற்றியமைப்பது உண்டு. இம்மாற்றத்தின் முதன்மை நோக்கம் 'டிரெயில்' எனப்படும் நீளத்தைக் குறைப்பதாகும்.

அடிப்படை அளவுகள்

ரேக்: ஹேண்டில்பார் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தத் திருப்பு அச்சு, செங்குத்துக் கோட்டிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்.

ஆஃப்செட்: திருப்பு அச்சிலிருந்து முன் சக்கர அச்சு எவ்வளவு முன்தள்ளி உள்ளது என்ற தொலைவு.

டிரெயில்: திருப்பு அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் இடத்தின் மையத்துக்கும் இடைப்பட்ட நீளம்.

அலுவலக நாற்காலியின் சிறு சக்கரம் நாற்காலியைத் தள்ளும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்வதற்கும் டிரெயிலே காரணம். தனி மோட்டார் சைக்கிள்களில் இது பெரும்பாலும் 90 முதல் 120 மி.மீ. வரை இருக்கும். வண்டி நேராக ஓட இது துணைபுரிகிறது.

மாற்றம் தேவைப்படுவது ஏன்?

தனி மோட்டார் சைக்கிள் வளைவில் உட்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. ஓட்டுபவர் ஹேண்டில்பாரைச் சிறிதளவே அசைக்கிறார். சைடுகார் இணைத்த வண்டி அவ்வாறு சாய முடியாது. காரைப் போல முன் சக்கரத்தை நேரடியாகத் திருப்பியே வளைய வேண்டும். அப்போது டயரின் மீது பக்கவாட்டு விசை செயல்படுகிறது. டிரெயில் அவ்விசைக்கு நெம்புகோலாக அமைந்து, சக்கரத்தை மீண்டும் நேராக்க முயல்கிறது. டிரெயில் கூடுதலாக இருந்தால், ஓட்டுபவரின் கையும் தோளும் வளைவு முழுவதும் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். நீண்ட பயணத்தில் இது களைப்பைத் தரும். திடீரென வண்டியைத் திருப்ப வேண்டிய நேரத்தில் ஆபத்தாகவும் முடியலாம்.

கணக்கீடு

சக்கர ஆரத்தை ரேக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்து, கோணத்தின் கொசைன் மதிப்பால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஆரம் 300 மி.மீ., ரேக் 27 பாகை, ஆஃப்செட் 50 மி.மீ. எனில் டிரெயில் ஏறத்தாழ 97 மி.மீ. ஆஃப்செட்டை மட்டும் 90 மி.மீ. ஆக்கினால் டிரெயில் ஏறத்தாழ 52 மி.மீ. ஆகக் குறையும். அதாவது, சக்கர அச்சை 40 மி.மீ. முன்தள்ளினாலே டிரெயில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

மாற்றும் முறைகள்

1. ஃபோர்க் குழாய்களைத் தாங்கும் மேல், கீழ்த் தட்டுகளுக்குப் பதிலாக, ஆஃப்செட் கூடுதலான தட்டுகளைப் பொருத்துதல்.

2. திருப்பு அச்சை மாற்றாமல், ஃபோர்க் குழாய்கள் மட்டும் முன்னோக்கிச் சாயும்படி அமைந்த தட்டுகளைப் பொருத்துதல். இதிலும் சக்கரம் முன்னே செல்வதால் டிரெயில் குறைகிறது.

3. முன்னோக்கிய இணைப்புக் கை கொண்ட ஃபோர்க்கைப் பொருத்துதல். இதில் சக்கர அச்சு, ஒரு குறுங்கையின் முன்முனையில் அமைந்திருக்கும். பக்கவாட்டு விசைகளையும் இது நன்கு தாங்கும்.

இரண்டாம் முறையில் குழப்பம் எழுவதுண்டு. சட்டகத்தின் தலைப்பகுதியை வெட்டித் திருப்பு அச்சையே மேலும் சாய்த்தால் டிரெயில் குறையாது, கூடும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஃபோர்க் முன்னே சாய்ந்ததைப் போலவே தோன்றும். ஆனால் விளைவு நேர் எதிரானது.

வரலாற்று எடுத்துக்காட்டுகள்

பிரிட்டனின் வின்சென்ட் நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய 'சீரிஸ் சி' வண்டிகளின் கிர்ட்ராலிக் ஃபோர்க்கில், மையம் விலகிய உருளைகளைத் திருப்பி டிரெயிலைச் சைடுகாருக்கு ஏற்ப மாற்றலாம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1955 முதல் 1969 வரை தன் வண்டிகளில் ஏர்ல்ஸ் வகை ஃபோர்க்கைப் பயன்படுத்தியது. அதன் இணைப்புக் கையைப் பொருத்த இரண்டு இடங்கள் இருந்தன: பின்னுள்ளது தனி ஓட்டத்துக்கு, முன்னுள்ளது சைடுகாருக்கு.

பக்க விளைவுகளும் பாதுகாப்பும்

டிரெயில் குறைந்தால் குறைந்த வேகத்தில் ஹேண்டில்பார் இடவலமாக நடுங்கக்கூடும். இதைக் கட்டுப்படுத்த ஸ்டீரிங் டேம்பர் பொருத்தப்படுகிறது. கோன்செட் தளர்ந்திருந்தாலும் நடுக்கம் தோன்றும் என்பதால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும்.

வேகம் கூட்டும்போது வண்டி சைடுகார் பக்கமும், பிரேக் பிடிக்கும்போது எதிர்ப்பக்கமும் இழுப்பது டிரெயிலைக் குறைப்பதால் மறையாது. சைடுகாரின் எடை ஒரு பக்கமாக அமைந்திருப்பதே அதற்குக் காரணம். அதேபோல, சைடுகார் உள்ள பக்கம் வேகமாகத் திரும்பினால் அதன் சக்கரம் தரையிலிருந்து எழும் ஆபத்தும் நீங்காது.

ஃபோர்க் உறுப்புகளில் பற்றவைப்பு முறிந்தால் வண்டி முழுவதுமாகக் கட்டுப்பாட்டை இழக்கும். எனவே இவ்வேலையைத் தகுதி பெற்ற பொறியாளரே செய்ய வேண்டும். சைடுகாரைக் கழற்றிவிட்டு வண்டியைத் தனியாக ஓட்டுவதற்கு முன், டிரெயிலைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சைடுகாருடன் ஓட்டுபவரின் கைக்கு இதமாக இருந்த அதே அளவு, தனி வண்டியில் நிலைத்தன்மையைக் குலைத்துவிடும்.