கருப்பை அகவுறையின் இழைய உருமாற்றமும் மலையகப் பெண்ணும்

நோய் உடலில் தோன்றுகின்றது. அது எப்போது கண்டறியப்படும் என்பதையோ பெரும்பாலும் சமூக அமைப்பே தீர்மானிக்கின்றது. இவ்வுண்மையை விளக்கக் கருப்பையின் அகவுறையில் நிகழும் சில அரிய மாற்றங்களை நாம் இங்கு நோக்குவோம்.

அகவுறை ஓமோன்களின் ஆட்சியில் மாதந்தோறும் தடித்து, கரு தங்காவிடத்து உதிர்கின்றது. சிலவேளைகளில் இதன் உயிரணுக்கள் தம் இயல்பை விட்டு, வேறுவகை முதிர்ந்த உயிரணுக்களின் வடிவை ஏற்கின்றன. மருத்துவர் மெற்றாபிளாசியா என வழங்கும் இதனை இழைய உருமாற்றம் எனலாம். செதில்போன்ற கலங்களும் சளி சுரக்கும் கலங்களும் இவ்வாறு தோன்றுவதுண்டு. நீடித்த அழற்சியும் ஓமோன் ஏற்றத்தாழ்வும் இதற்குத் தூண்டுகோல்களாகும். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும் சிலவேளை புற்றுநோயோடு சேர்ந்தும் காணப்படுவதால், இழையத் துண்டை நுணுக்குக்காட்டியில் ஆராயாது உறுதி கூறல் இயலாது.

மிக அரிதாக அங்கு எலும்பே உருவாகின்றது. முன்னர் கருச்சிதைவுற்ற பெண்களிடமே இது பெரிதும் காணப்படுகின்றது. எஞ்சிய சிசு எலும்பே இது என்பாரும், நீடித்த அழற்சியால் அகவுறை இழையமே எலும்பாயிற்று என்பாரும் உளர். எவ்வாறாயினும், அது கருத்தடை வளையம்போல் நின்று கருத்தரிப்பைத் தடுக்கின்றது. உட்காட்டி வழியே அகற்றியபின் பலர் கருவுற்றுள்ளனர். மலடி எனப் பழிசுமத்தப்பட்டவளின் துயருக்கு ஓர் எலும்புத் துணுக்கே காரணமாகலாம் என்பது சிந்தனைக்குரியது.

இனி மலையகத்தை நோக்குவோம். நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. அளவிறந்த உதிரப்போக்கைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முறையிட்டால் வலிமாத்திரை கிடைக்கலாம். இழையப் பரிசோதனை கிடைக்காது. பெரிய வைத்தியசாலைக்குச் செல்வதாயின் அன்றைய பேர் போய்விடும். அங்கும் தன் நோயைத் தன் மொழியில் கூற இயலாமற்போகலாம். தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்பை அனுமதியாத 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையிலுள்ளது. மறைவில் நிகழும் கலைப்பின் விளைவாக நோய்த்தொற்று ஏற்படினும், அச்சம் அவள் வாயை அடைக்கின்றது.

இந்திய உதவியுடன் டிக்கோயாவில் எழுந்த 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் கட்டடம் மட்டும் போதாது. மாதவிடாய் நின்றபின் உதிரம் காணல், இடைக்கால உதிரப்போக்கு, நெடுநாட் பிள்ளையின்மை ஆகியவற்றுக்குச் சம்பள இழப்பின்றிப் பரிசோதனை பெறுதல் தொழிலாளியின் உரிமையாதல் வேண்டும். தேயிலையின் எடையை நாள்தோறும் நிறுக்கும் அமைப்பு, அதைப் பறிப்பவளின் உடலையும் கணக்கிலெடுக்கும் நாளே நாம் வேண்டுவது.