உங்களுக்குத் தெரியுமா? – இருபது விநாடி மூச்சடக்கினால் போதும்!

▪ மூச்சு விடும்போதெல்லாம் கல்லீரல் மேலும் கீழுமாக நகர்கிறது. அதனால் நிமிடக்கணக்கில் எடுத்த பழைய எம்.ஆர்.ஐ. படங்களில் சிறு கட்டிகள் கலங்கி மறைந்துவிடும்.

▪ 1977-ல் இயற்பியலாளர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதிவேக எம்.ஆர்.ஐ. படமெடுப்புக்கு வழி சொன்னார். 2003-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர் அவர்.

▪ இன்று சுமார் 20 விநாடி மூச்சை அடக்கினால் கல்லீரல் முழுவதும் படமாகிவிடும். எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை.

▪ ரத்தக்குழாயில் கடோலினியம் மருந்து ஏற்றியதும், கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் அரை நிமிடத்தில் பளிச்சிடும். சில நிமிடங்களில் சுற்றுப்புறத்தைவிட மங்கிவிடும். வேகம் இல்லையேல் அந்தத் தருணம் கைநழுவும்.

▪ நெய்வேலி சுரங்கத்திலோ பட்டறையிலோ வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்ப்பவரா? ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன் சொல்லிவிடுங்கள். கண்ணில் தங்கிய இரும்புத் துகளை எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அசைத்துவிடலாம்!