மவுஸைத் தொடாமல் ஒரு ஃபைல் காப்பி

1970-களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எடிட்டரில் கட், காப்பி, பேஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். அது எழுத்துக்கான வசதி. பிறகு ஃபோல்டர் ஜன்னல்களில் ஃபைலையும் அப்படியே காப்பி செய்ய முடிந்தது. டெர்மினலே கதியென்று இருப்பவர்களுக்குத்தான் அது வாய்க்கவில்லை.

அவர்களுக்கு மேக்கில் பிபிகாப்பி, லினக்ஸில் எக்ஸ்கிளிப், விண்டோஸில் கிளிப் என்று ஆளுக்கொரு கமாண்ட் இருந்தது. மூன்றுக்கும் முக்கிய வேலை எழுத்துதான். ஒரு பிடிஎஃப்பை அப்படியே உள்ளே தள்ளினால், பேஸ்ட் செய்யும் இடத்தில் புரியாத குறிகளாகக் கொட்டும். டெர்மினலில் தயாரான அறிக்கையை மெயிலில் இணைக்க வேண்டுமா? மேக்கில் 'ஓபன்' என்று அடித்து, இடைவெளி விட்டு ஒரு புள்ளி வைத்தால் ஃபைண்டர் திறக்கும். அங்கே குவிந்து கிடப்பதில் அந்த ஒரு ஃபைலைத் தேடிப் பிடித்து, கிளிக் செய்து, கமாண்ட்-சி அழுத்த வேண்டும்.

இன்று மூன்று சிஸ்டத்திலும் ஓடும் சிறு கருவிகள் வந்துவிட்டன. கமாண்டோடு ஃபைல் பெயரை அடித்து என்டர் தட்டி, மெயிலில் பேஸ்ட் செய்தால் ஃபைல் இணைப்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு காலம்? ஃபைலை காப்பி செய்யும்போது கிளிப்போர்டுக்குப் பொதுவாகப் போவது அதன் முகவரிதான். அதை விண்டோஸ் ஒரு விதமாகவும் மேக் வேறு விதமாகவும் எழுதுகின்றன. லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜர், காப்பியா கட்டா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறது. லினக்ஸின் ஜன்னல் அமைப்பான எக்ஸ்11-இல் கிளிப்போர்டு தானாக எதையும் சேமிப்பதில்லை. காப்பி செய்த நிரல், கேட்பவருக்குக் கொடுக்கப் பின்னணியில் காத்திருக்க வேண்டும். விண்டோஸின் கமாண்ட் கருவியான பவர்ஷெல் 5-இன் 'செட்-கிளிப்போர்டு' ஃபைலையும் ஏற்றது. 2020-இல் வந்த பவர்ஷெல் 7-இல் அந்த வசதி இல்லை. புதிய கருவிகள் இத்தனை வழக்கங்களையும் தாமே கற்றுக்கொண்டு, நமக்கு ஒரே கமாண்டாகத் தருகின்றன.

முகவரி முகவரிதான் என்பது மட்டும் மாறவில்லை. பேஸ்ட் செய்வதற்குள் மூல ஃபைலை அழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எஸ்எஸ்ஹெச் வழியே தூரத்துச் சர்வரில் கமாண்டை ஓட்டினால், அந்தச் சர்வரின் முகவரி நம் மடிக்கணினிக்குப் பயன்படாது. அங்கிருந்து ஃபைலைக் கொண்டுவர இன்றும் எஸ்சிபி போன்ற பழைய ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.