கைமாறும் பொருளும் கைவிடலாகாத நேர்மையும்

ஆண்டுதோறும் இறுதித் தேர்வுகள் முடியும் வேளையில் பொறியியல் கல்லூரி விடுதிகள் சிறு சந்தைகளாக மாறிவிடுகின்றன. படிப்பை முடித்துச் செல்வோர் தாம் பயன்படுத்திய மிதிவண்டி, கணிப்பான், மடிக்கணினி, கைப்பேசி, சில வேளைகளில் இருசக்கர வாகனம் ஆகியவற்றை இளையவர்களுக்கு விற்கின்றனர். முதலாண்டு மாணவன் வரைபட வகுப்புக்கென வாங்கும் டிராஃப்டர் ஒன்றிரண்டு பருவங்களுக்கு மேல் அவனுக்குப் பயன்படுவதில்லை. மறு ஆண்டே அது வேறொருவன் கைக்குப் போய்விடுகிறது.

இதில் இழிவு ஏதுமில்லை. கல்விக் கட்டணத்திற்கே கடன்பட்ட பெற்றோரின் சுமையை உணர்ந்து, பழைய பொருளே போதும் என்று தீர்மானிக்கும் பிள்ளை பாராட்டுக்குரிய பிள்ளையே. சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே இருந்த மூர் மார்க்கெட்டு 1985 மே 30 அன்று தீக்கிரையாகும் வரை, பழைய நூல்களைத் தேடி அங்கு சென்ற மாணவர் எத்தனையோ பேர். அவ்வாறு வாங்கிப் படித்து உயர்ந்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கக்கூடும்.

ஆயினும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய புத்தகத்தில் ஏமாந்தவன் சில ரூபாய்களை இழந்தான், அத்தோடு முடிந்தது. இன்று கைமாறும் கைப்பேசிக்கும் வண்டிக்கும் ஒவ்வொரு வரலாறு இருக்கின்றது. அவ்வரலாறும் பொருளோடு சேர்ந்தே வாங்குபவன் கைக்கு வருகின்றது. ஆகவே, "விலை என்ன?" என்று கேட்பதற்கு முன்னர், "இது யாருடையது? இவரிடம் எவ்வாறு வந்தது?" என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும்.

கைப்பேசியும் மடிக்கணினியும்

பாதி விலைக்கு நல்ல கைப்பேசி கிடைக்கின்றதென்றால் எந்த மாணவனுக்கும் ஆசை எழும். அது திருடப்பட்டதாயிருந்தால் என்ன ஆகும்? திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ அதனைப் பெறுபவனுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது. ஒன்றும் அறியாமல் வாங்கியவனுங்கூடப் பொருளையும் பணத்தையும் இழந்து, காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல நேரிடலாம். படிக்கின்ற பிள்ளைக்கு அந்த ஒரு நாளே போதும், மனம் உடைந்து போவதற்கு.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். அது ரசீதிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். பின்னர் கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதனைச் சரிபார்க்கலாம். தடை செய்யப்பட்டது என்றோ, ஒரே எண் பல கருவிகளில் உள்ளது என்றோ விடை வருமாயின் அதனை வாங்கலாகாது.

பழைய உரிமையாளர் தம் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கைக் கருவியிலிருந்து நீக்கிய பின்னரே பணம் தர வேண்டும். இல்லையேல் கருவி பூட்டிக்கொண்டு, வாங்கியவனுக்குப் பயனற்றதாகிவிடும். மடிக்கணினியாயின், மின் இணைப்பைக் கழற்றிவிட்டு அரைமணி நேரமாவது இயக்கிப் பார்த்தால் மின்கலத்தின் நிலை தெரியும்.

வண்டி யார் பெயரில்?

"அவசரமாக ஊருக்குப் போகிறேன், வண்டியை எடுத்துக்கொள். பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு மாணவரிடையே சாதாரணம். இதனால் வரும் கேடு விற்பவனையே முதலில் சாரும். 2018இல் உச்சநீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், விபத்துக்குள்ளான வாகனம் பலர் கை மாறியிருந்தது. எனினும் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெற்றோரே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். மகன் ஓட்டும் வண்டி பெரும்பாலும் தந்தையின் பெயரிலேயே பதிவாகியிருக்கும். மகன் அதனை விற்று, பெயர் மாற்றாமல் விட்டுவிட்டால், முன்பின் அறியாத எவரோ செய்யும் விபத்துக்குத் தந்தை நீதிமன்றத்தின் படியேற நேரும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள்ளேயே விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பமாகும் வரை சாவி கைமாறலாகாது. வண்டியின் மீது கடன் நிலுவை உள்ளதா என்பதையும் பதிவுச் சான்றில் பார்த்தல் வேண்டும்.

பணம் கைமாறும் வேளை

விற்பனை அறிவிப்பைக் கண்டவுடன் ஒருவர் அழைத்து, பொருளைப் பாராமலேயே கேட்ட விலையைத் தருவதாகச் சொன்னால் ஐயுற வேண்டும். தாம் தொலைவில் இராணுவப் பணியில் இருப்பதாகக் கூறி நம்பிக்கையைப் பெறுவது இத்தகைய மோசக்காரர்களின் பழகிய தந்திரம். பின்னர் ஒரு கட்டக் குறியீட்டை அனுப்பி, "இதனைப் படமெடுத்து உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள், பணம் வந்துவிடும்" என்பார்கள். எண்ணை இட்டவுடன் பணம் வருவதற்கு மாறாக, இருந்ததும் போய்விடும்.

யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. இந்த ஒரு விதியை ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக்குங்கள். பொருளைக் கண்ணால் காணுமுன் முன்பணம் அனுப்பலாகாது. பகல் வேளையில், கல்லூரி வாயில் போன்ற பலர் நடமாடும் இடத்தில், ஒரு நண்பரோடு சென்று பொருளைப் பெறுவதே நன்று. பெண் பிள்ளைகள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ளட்டும்.

விற்பவனின் கடமை

இதுவரை வாங்குபவனின் விழிப்பைப் பற்றியே பெரிதும் பேசினோம். விற்பவனுக்கும் கடமை உண்டு. குறையை மறைத்து விற்கலாமா என்ற வினாவை 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் எடுத்து ஆராய்ந்தார். ஒற்றைக் கண் குதிரையின் குறை எவருக்கும் வெளிப்படை. விலையைத் தக்கவாறு குறைத்திருந்தால் அதனைப் பறைசாற்ற வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவனுக்கு ஆபத்தோ நட்டமோ விளைவிக்கக்கூடிய மறைந்த குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் கொண்ட முடிவு.

இவ்விதி இன்றைய விடுதி முற்றத்துக்கும் பொருந்தும். மடிக்கணினியின் மேலுள்ள கீறலைப் பார்ப்பவனே அறிவான். அதனுள் தண்ணீர் புகுந்து பழுதுபார்த்ததை விற்பவன் மட்டுமே அறிவான். வண்டியின் பிரேக் சரியாகப் பிடிக்காததைச் சொல்லாமல் விற்பவன், தன் இளைய தோழனின் உயிரையே பணயம் வைக்கின்றான். புத்தகத்துக்கும் இது பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குப் பின் 2021இல் புதிய ஒழுங்குமுறை வந்தது. முந்தைய பாடத்திட்டத்துக்குரிய நூலை நடப்பு நூல் என்று சொல்லி விற்பதும் மோசடியே.

ஆகவே விற்கும் பிள்ளை, ஒரு தாளில் நாள், விலை, பொருளின் அடையாள எண், தெரிந்த குறைகள் ஆகியவற்றை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளட்டும். தன் புகைப்படங்களையும் கடிதங்களையும் கருவியிலிருந்து முற்றிலும் அழித்துவிட்டே கொடுக்கட்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இத்தனைக்குப் பிறகும் பிள்ளை ஏமாறக்கூடும். அப்பொழுது அவன் வீட்டின் கோபத்துக்கு அஞ்சி வாய் மூடிக்கொள்வதே மோசக்காரனுக்குப் பேருதவியாகின்றது. 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பணம் வேறு கைகளுக்குப் போகுமுன் வங்கியிலேயே நிறுத்தி வைக்க வழியுண்டு. நாள் கடந்தால் அவ்வழி அடைபட்டுவிடும்.

எனவே, "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்ற உறுதியைப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும்போதே அளியுங்கள். திட்டுவதற்கு நாள் பல உண்டு. பணத்தை மீட்பதற்கு உள்ள நேரமோ மிகச் சிறிது.