மருந்துப் பெட்டியும் மகன் வீட்டுப் பாதையும்

எங்கள் ஊர் புளியங்குடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், தென்காசிக்கு வடக்கே அமைந்துள்ளது. எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற இவ்வூரின் எலுமிச்சைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரை விட்டுப் புறப்படும் எவரும் ஒரு பை எலுமிச்சை எடுத்துச் செல்லாமல் உறவினர் வீட்டு வாசலில் நிற்பதில்லை. நாங்களும் அப்படித்தான். எங்களில் கணவருக்கு 68 வயது. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 63 வயது. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். மகன் பெங்களூருவில், மூத்த மகள் கோயம்புத்தூரில், இளைய மகள் தாம்பரத்தில் வசிக்கிறார்கள்.

இம்மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வரும் எங்களை, பயணங்களைப் பற்றி எழுதுமாறு இந்த இதழின் ஆசிரியர் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினோம். எங்கள் அனுபவத்தில் பெருமைக்குரியதும் உண்டு. வெட்கப்பட வேண்டியதும் உண்டு. இரண்டாவதையும் எழுதலாம் என்றார்கள். அதனால் ஒப்புக்கொண்டோம்.

பாதி வீடு ஏற்றிய வண்டி

ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய வேன் ஒன்றை வாங்கினோம். வெளிநாடுகளில் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அமைந்த வண்டிகளில் முதியவர்கள் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவதைத் தொலைக்காட்சியில் கண்டிருக்கிறோம். எங்களுடையது அத்தகையது அன்று. வண்டியின் அமைப்பை நம் விருப்பத்திற்கு மாற்றச் சட்டம் இடம் தராது. ஆதலால் பின்னிருக்கையை மடக்கி, எடுத்து வைக்கக்கூடிய பஞ்சு மெத்தை ஒன்றை விரித்தோம். குடிநீர்க் குடம், பாய், மரத்தடியில் இறக்கிவைத்துச் சமைக்க ஒரு சிறிய அடுப்பு, இட்லிப் பொடி, ஊறுகாய்ச் சாடி ஆகியவை அதில் இடம்பிடித்தன. பேரப்பிள்ளைகள் அதற்கு 'பாட்டி வீட்டு வண்டி' என்று பெயர் சூட்டினார்கள்.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எனச் செல்லும் பெங்களூருப் பாதை 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இளைஞர்கள் ஒரே நாளில் கடந்துவிடுவார்கள். நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லில் ஓர் உறவினர் வீட்டில் இரவு தங்குவோம். தாம்பரத்து மகளைக் காணச் செல்லும்போது மட்டும் கடையநல்லூரில் பொதிகை விரைவு வண்டியைப் பிடிப்போம்.

அக்காலத்தில் கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியரைப் பற்றிப் படித்தோம். கடை வருமானத்தில் நாள்தோறும் சிறிது எடுத்துவைத்தும், வங்கியில் கடன் பெற்று அதைத் திருப்பிச் செலுத்தியும், 2007 முதல் 26 நாடுகளைச் சுற்றி வந்தவர்கள் அவர்கள். அந்தச் செய்தி எங்களுக்கு உற்சாகம் ஊட்டியது. அவர்கள் ருஷ்யா வரை சென்றார்கள். நாம் பெங்களூரு வரை செல்லக்கூடாதா என்று சொல்லிக்கொண்டோம்.

நாங்கள் மறைத்தவை

மனைவிக்குப் பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு, இன்சுலின் செலுத்திக்கொள்கிறார். கணவருக்கு உயர் இரத்த அழுத்தம். இவை பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாதவையும் சில இருந்தன.

சாலைப் பயணத்தில் பெண்களுக்கு உள்ள பெரிய இடர்ப்பாடு கழிப்பறை. அதற்கு அஞ்சி, பயண நாள்களில் மனைவி தண்ணீர் அருந்துவதைக் குறைத்துவிடுவார். உணவு நேரம் தவறுமோ, வழியில் மயக்கம் வருமோ என்ற எண்ணத்தில் காலை இன்சுலினையும் சில நாள்களில் விட்டுவிடுவார். சர்க்கரை கூடும்போது சிறுநீர் அடிக்கடி கழியும்; அதற்காக மேலும் தண்ணீரைக் குறைப்பார். ஊர் சேரும்போது நா வறண்டு, கால்கள் துவண்டிருக்கும். பயணக் களைப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

2024ஆம் ஆண்டு மாசி மாதம் பெங்களூருவில் மகன் வீட்டில் பத்து நாள் தங்கினோம். வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. கடைசி மூன்று நாள்களும் படி ஏறும்போது கணவருக்கு மூச்சு இரைத்தது. நடு மார்பில் ஒரு இறுக்கம் தோன்றி, நின்றால் தணிந்தது. அவர் எவரிடமும் கூறவில்லை. கூறினால் இனி வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்பது அவர் அச்சம்.

திரும்பும் வழியில், கரூரைத் தாண்டித் திண்டுக்கல்லை நோக்கி வந்துகொண்டிருந்தபோது அதே இறுக்கம் மீண்டும் வந்தது. இம்முறை அது தணியவில்லை. இடது தோளுக்குப் பரவியது. சட்டை வியர்வையில் நனைந்தது. வண்டியை ஓரம் நிறுத்தி, 'வாயுத் தொல்லைதான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்' என்றார். மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி குளிர்ந்திருந்தது. வாயுத் தொல்லைக்கு நெற்றி குளிராது என்பதை அவர் அறிவார். அருகிலிருந்த பெட்டிக் கடைக்காரர், நான்கு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பதாகக் கூறினார். மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கணவரே ஓட்டினார்.

அந்த நான்கு கிலோமீட்டரைப் பற்றி எங்கள் மருத்துவர் பின்னர் மிகவும் கடிந்துகொண்டார். நின்ற இடத்திலேயே 108ஐ அழைத்திருக்க வேண்டும் என்றார். மாரடைப்பின்போது எந்த நொடியிலும் நினைவு தவறலாம். வண்டியில் இருப்பவர்களோடு எதிரே வருபவர்களின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இயங்கி வரும் அந்தச் சேவையின் எண்ணை நாங்கள் அறிந்திருந்தும், அவ்வேளையில் அது நினைவுக்கு வரவில்லை.

சுகாதார நிலையத்தில் உடனே இதயத் துடிப்பு வரைபடம் எடுத்தார்கள். 'இதயம் காப்போம்' என்ற பெயரில் 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தின்படி, ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளின் தொடக்க அளவை அங்கேயே கொடுத்தார்கள். இரத்தம் மேலும் உறைவதை முதலிரண்டும் தடுக்கின்றன. மூன்றாவது, குழாயில் படிந்த கொழுப்பு மேலும் சிதையாமல் காக்கிறது. பின்னர் 108 ஊர்தியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அன்று மாலைக்குள் அடைபட்ட இரத்தக் குழாய் திறக்கப்பட்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. வேன் ஒரு வாரம் சுகாதார நிலைய வளாகத்து வேப்ப மரத்தடியில் நின்றது. பெங்களூருவிலிருந்து பேரன் கொடுத்தனுப்பிய வண்ணப் படம் ஒன்று அதன் முன்கண்ணாடி அருகே வெயிலில் வெளுத்துப்போயிற்று.

வீட்டில் இருந்த மாதங்கள்

மூன்று பிள்ளைகளும் ஒருசேர வந்து, 'இனிப் பயணம் வேண்டாம். நாங்களே வருகிறோம்' என்றார்கள். விஜயன் அவர்களின் கதையை இளைய மகள் எடுத்துரைத்தாள். 2021ஆம் ஆண்டு ருஷ்யப் பயணம் முடிந்து சில வாரங்களில், நவம்பர் மாதம், அவர் மாரடைப்பால் காலமானார். அதனைப் பிள்ளைகள் எச்சரிக்கையாக வாசித்தார்கள். இறுதி வரை விரும்பியபடி வாழ்ந்தாரே என்று நாங்கள் வாசித்தோம். யார் வாசிப்பு சரி என்ற வழக்கு எங்கள் கூடத்தில் பல நாள் நடந்தது.

பிள்ளைகள் சொன்னபடி வந்தார்கள். ஆயினும் அவர்களுக்கு விடுமுறை இரண்டு நாள்தான் கிடைத்தது. சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு இரவு திரும்பினார்கள். கணவர் திண்ணையில் அமர்ந்து நெடுஞ்சாலையில் செல்லும் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியைக்கூட மனமின்றியே செய்தார்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது மருத்துவர் எங்கள் இருவரையும் தனித்தனியே பேசவைத்தார். அன்றுதான் மாடிப்படி மூச்சிரைப்பு வெளிவந்தது. தவறவிட்ட இன்சுலினும் வெளிவந்தது. நாற்பது ஆண்டு இல்லறத்தில் ஒருவருக்கொருவர் மறைத்தது இவ்வளவு என்று அறிந்து இருவரும் தலைகுனிந்தோம். மருத்துவர் சிரித்துக்கொண்டே, 'உங்கள் உடல்நிலைக்குப் பயணம் தடையன்று. இந்த மௌனம்தான் ஆபத்து' என்றார். பரிசோதனைகளைச் செய்து, நடையின் அளவைப் படிப்படியாக உயர்த்தி, பிறகே அனுமதி தந்தார்.

இப்போது கடைப்பிடிப்பவை

பிள்ளைகளோடு அமர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அது எங்களைப் போன்ற பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறோம். உங்களுக்கு உரியதை உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

நெடுந்தொலைவு செல்லும்போது கணவர் வண்டி ஓட்டுவதில்லை. நாள் கூலிக்கு வரும் நம்பகமான ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்கிறோம். பொழுது சாய்ந்த பின் வண்டி நகர்வதில்லை.

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்கிறோம். நெடுநேரம் அமர்ந்திருந்தால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். கெண்டைக்கால் தசைகள் அசையும்போது அது மேலேறிச் செல்கிறது. நிறுத்தும் இடத்தைத் தூய கழிப்பறை உள்ள இடமாகவே தேர்கிறோம். மனைவி இப்போது அச்சமின்றித் தண்ணீர் அருந்துகிறார்.

மருந்துகளை இரண்டு பைகளில் பிரித்து வைக்கிறோம். ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும். ஸ்டென்ட் பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது. அதனால் பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்திற்கான மாத்திரைகளையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறோம். சிகிச்சைச் சுருக்கம், கடைசி இதய வரைபடம், மருந்துகளின் வேதிப்பெயர்ப் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள் வண்டியின் முன்பெட்டியில் உள்ளன.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ 28 நாள் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் அதைவிட மிக உயரும். ஆகவே வண்டியை விட்டு இறங்கினால் இன்சுலினும் எங்களோடு இறங்கும். அதைப் பனிக்கட்டி மீது நேராக வைப்பதும் தவறு. உறைந்த இன்சுலின் பயனற்றது. உறவினர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால், ஈர மணல் நிரப்பிய மண்பானை கைகொடுக்கிறது. திடீரெனச் சர்க்கரை குறைந்தால் உதவ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கட்டிய பொட்டலங்கள் மனைவியின் இடுப்புச் சுருக்குப் பையில் உள்ளன.

தொடர்வண்டியில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. எனினும் 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. முன்பதிவின்போது அதைக் கேட்டுப் பெறுகிறோம்.

கடைசியாக ஒன்று. நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு, அன்று உடலில் தோன்றியதை எல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். நல்லதையும் சொல்கிறோம், சிறு வலியையும் சொல்கிறோம். அவர்கள் தரப்பில், உடனே 'திரும்பி வாருங்கள்' என்று சொல்வதில்லை; மருத்துவரைக் கேட்போம் என்கிறார்கள். இந்த ஒன்று இல்லையேல் மேலே சொன்ன யாவும் வெறும் பட்டியல்தான்.

குற்றாலத்தில் ஒரு காலை

2025ஆம் ஆண்டு ஆடியில் சாரல் பொழிந்தபோது, மூன்று குடும்பங்களும் புளியங்குடியில் கூடின. வேனிலும் மகனுடைய காரிலும் குற்றாலம் சென்றோம். ஐந்தருவியில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீராடினார்கள். கணவர் நீராடவில்லை. குளிர்ந்த நீர் திடீரென உடலில் படும்போது இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் உயரும். உயரத்திலிருந்து விழும் நீரின் விசையும் சேர்ந்தால் இதயத்திற்கு மிகு சுமை என்று மருத்துவர் கூறியிருந்தார். ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு சாரலுக்கும் அருவியில் நின்றவர் அவர். துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்திருந்தார்.

மூத்த பேரன் நனைந்தபடியே ஓடி வந்து அருகில் அமர்ந்து, 'தாத்தா, இன்றைக்கு நெஞ்சு எப்படி இருக்கிறது?' என்று கேட்டான். தினமும் இரவு எட்டு மணிக்கு அவன் தந்தை கேட்கும் கேள்வி அது. கணவர் சற்று யோசித்தார். காலையில் படி இறங்கும்போது இலேசாகக் களைத்ததையும், இப்போது ஒன்றும் இல்லை என்பதையும் அவனிடம் சொன்னார். சிறுவன் பெரிய மனிதனைப் போலத் தலையசைத்துவிட்டு மீண்டும் அருவிக்கு ஓடினான்.

வரும் மாதம் கோயம்புத்தூர் செல்ல இருக்கிறோம். எலுமிச்சைக்குச் சொல்லி வைத்தாயிற்று. புறப்படுவதற்கு முந்திய வாரம் இம்மருத்துவமனைக்கு வருவோம். புறநோயாளிப் பிரிவில் எங்களைக் கண்டால், நீங்கள் யாரைக் காணச் செல்லவிருக்கிறீர்கள் என்பதையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.