ஏரி நாடு – 14: கணக்கைப் பிடித்தவன் கையில் ஊர்

1760 ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் போருக்கான செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது. ஆற்காட்டு நவாபு முகமது அலி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் கழுத்தளவு கடன் பட்டிருந்தார். 1763 அக்டோபரில் அவர் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம் என்று சென்னப்பட்டணத்தைச் சுற்றிக் கிடந்த சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1765 ஆகஸ்டில் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதை உறுதி செய்தார். வங்காளத்தின் திவானி உரிமையும் அதே மாதத்தில்தான் கும்பினிக்குக் கைமாறியது. இங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

கும்பினிக்கு இந்த ஜாகீர் ஓர் எல்லைப்புறம். மேற்கே மலைக் கணவாய்களுக்கு அப்பால் மைசூர், தெற்கே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி, நடுவில் உத்திரமேரூரைப் போன்ற ஏரிப்பாசன ஊர்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளையர்கள் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். இருந்தவர்களை விரட்டிவிட்டு வேலி போட்டு அவர்களே உழுதார்கள். நம் பக்கம் அப்படிக் கலப்பை பிடிக்க யாரும் கப்பலேறி வரவில்லை. இங்கே மண்ணும் இருந்தது, தண்ணீரும் இருந்தது, உழைப்பவர்களும் இருந்தார்கள். விளைந்ததில் யாருக்கு எவ்வளவு என்று எழுதும் கை மட்டும் மாற வேண்டியிருந்தது. அந்தக் கை மாறியதுதான் இந்தச் சீமையின் காலனியக் கதை. அது யார் கைக்கெல்லாம் போனது என்று பின்தொடர்ந்தால்தான், உத்திரமேரூர்ப் பக்கத்துச் சேரிக்கு விடுதலை எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று சொல்ல முடியும்.

கும்பினிக்கு முன்பும் இது குடியேற்ற நாடுதான். தொண்டைமண்டலம் குறும்பர்களின் காடாக இருந்ததென்றும், ஆதொண்டச் சோழன் அவர்களை வென்று வேளாளர்களைக் கொண்டுவந்து 24 கோட்டங்களில் குடிவைத்தான் என்றும் மரபுக்கதை உண்டு. அந்தக் கோட்டங்களில் ஒன்றான காலியூர்க் கோட்டத்தில் இருந்தது உத்திரமேரூர். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்துச் சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அதன் உயிர்நாடியான பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்துப் பெயர் வைரமேக தடாகம். பின்னாளில் துரைமார்கள் ‘இந்த நிலம் முதலில் யாருடையது’ என்று கேட்டபோது ஊர் நிலத்தில் பரம்பரைப் பாத்தியதை கொண்ட மிராசுதாரர்கள் ஆதொண்டன் கதையைத்தான் எடுத்து வைத்தார்கள். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லீஸ் துரை அதைப் பெரிதும் மதித்தார். தோற்ற குறும்பர்களின் வாரிசுகள் எங்கே போனார்கள் என்று அன்று எந்தக் கச்சேரியிலும் விசாரணை நடந்ததாகத் தெரியவில்லை.

கும்பினி செய்த முதல் பெரிய வேலை கணக்கெடுப்பு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் ஜாகீரின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து எழுதினார். அவருக்கு ஆதாரம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் பனையோலைகள். அந்தக் கணக்கின் அருமையை நம் காலத்தில் எடுத்துச் சொன்னவர் தரம்பால். எந்த ஊரில் எத்தனை வீடு, யார் யார் வீடு, எத்தனை ஏரி, குளம், கோயில், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு மானியம் என்று அதில் வரிசையாக வருகிறது. அதைப் படித்தால் அந்தக் காலத்துக் களத்துமேடு அப்படியே கண்முன் விரியும்.

கதிரடித்துத் தூற்றிப் பொலி குவித்தாகிவிட்டது. மரக்கால் வந்துவிட்டது. ஆனால் அரசாங்கத்துக்குப் போகும் மேல்வாரமும் குடிகளுக்கு நிற்கும் குடிவாரமும் உடனே பிரிக்கப்படுவதில்லை. அதற்கு முன்பே ஊர்ப் பங்குகள் அளந்தாக வேண்டும். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, மடை திறந்து தண்ணீர் விடுகிறவருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, பஞ்சாங்கம் சொல்கிறவருக்கு, வெட்டியானுக்கு, பக்கிரிக்கு என்று மரக்கால் மரக்காலாக நெல் போகும். மிச்சம் இருப்பதுதான் வாரத்துக்கு வரும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். அந்த உழக்கு எந்தெந்த வழியில் போனது என்பதும் பார்னார்டு கணக்கில் உண்டு. ஊரில் பிறந்த பலருக்கும் களத்தில் ஒரு பங்கு இருந்தது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பங்கின் அளவைச் சாதி தீர்மானித்தது. சேற்றில் அதிக நேரம் நின்றவருக்கு நிலத்தில் பாத்தியதை இல்லை.

கணக்கெழுதி முடித்த ஆறே ஆண்டுகளில் அந்தக் கணக்கிலிருந்த ஊர்கள் பல வெறிச்சோடின. 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய் இறங்கி வந்தார். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில கல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றியைப் பெரிய ஓவியமாக இன்றும் பார்க்கலாம். அதில் யானைகளும் குதிரைகளும் வெடிக்கும் மருந்து வண்டியும் உண்டு. எரிந்த கூரைகளும் மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பாத மாடுகளும் எந்த ஓவியத்திலும் இல்லை. இரண்டு தரப்புப் படைகளும் தின்று தீர்த்த நாட்டில் அடுத்து வந்தது பஞ்சம். 1784இல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானபோது ஏரிகள் உடைந்து கிடந்தன, குடிகள் திசைக்கொருவராகப் போயிருந்தார்கள்.

போனவர்களைத் திரும்ப அழைத்து நிலத்தில் நிறுத்துவதுதான் 1794இல் கலெக்டராக வந்த லயோனல் பிளேசின் முதல் கவலை. உத்திரமேரூருக்குக் கிழக்கே கருங்குழியில் இருந்துகொண்டு ஜாகீரை ஆண்டார். ஏரிகளைச் செப்பனிட்டார். காஞ்சி வரதராஜர் கோயிலுக்கு ஆபரணம் கொடுத்தார். மதுராந்தகத்தில் மழை கொட்டிய இரவில் ஏரிக்கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காவல் நின்றதை அவர் கண்டதாகவும், நேர்ந்துகொண்டபடி தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்ததாகவும் ஏரி காத்த ராமர் கோயிலில் சொல்வார்கள். அந்தக் கதையை நம் பாட்டிமார் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அதே பிளேஸ், தான் போட்ட வரியை ஏற்க மறுத்த மிராசுதாரர்களை வெளியேற்றிவிட்டு வேறு ஆட்களை அமர்த்தியவர் என்பதைக் கோயிலில் சொல்வதில்லை. ஏரி நிறைந்தால் கஜானா நிறையும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் 1799இல் எழுதிய நீண்ட அறிக்கையில் ஊர் என்றால் மிராசுதாரர்தான்.

1802இல் நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. ஜாகீரை அறுபதுக்கும் மேற்பட்ட மிட்டாக்களாக, அதாவது சிறு ஜமீன்களாகக் கூறு போட்டு ஏலம் விட்டார்கள். வாங்கியவர்களில் பலரால் பேஷ்குஷ் என்ற நிலையான வரியைக் கட்ட முடியவில்லை; சில ஆண்டுகளிலேயே மிட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. பிறகு கிராமக் குத்தகை, அதற்குப் பிறகு ரயத்துவாரி. பெயர்கள் மாறினாலும் செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு பாத்தியதை அசையவில்லை. தரிசு நிலத்துக்கு யார் தர்க்காஸ்து போட்டாலும் முதல் உரிமை மிராசுதாரருக்கே என்றிருந்தது. குடியிருப்பு நத்தமும் அவர் பிடியில். படியாளாக இருந்த பறையர் ஒருவர் துணிந்து தரிசுக்கு மனுப் போட்டால், அவர் குடிசை நின்ற மண்ணிலிருந்தே அவரை எழுப்பிவிட முடிந்தது. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843இலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் போக்கிடமில்லாத மனிதருக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? போக்கிடம் தேடியவர்கள் சென்னைத் துறைமுகம் போனார்கள். மொரீஷியஸ், பர்மா, மலாயா என்று கப்பலேறினார்கள். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சுமந்துபோன முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது.

இந்த இடத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயரை மரியாதையோடு சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டராகப் பொறுப்பு வகித்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரியார்கள் அதற்கு முன்பே குரல் கொடுத்து வந்தார்கள். வீட்டுமனை அவர்கள் பெயரில் இல்லை, தரிசு கேட்க வழியில்லை, கடனுக்கு அடிமைப்பட்டு வேலை செய்கிறார்கள் என்பதை ட்ரெமென்ஹீர் ஆதாரங்களோடு அடுக்கினார். ரெவின்யூ போர்டு முகம் சுளித்தது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010, தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வழி திறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அப்படி வந்ததுதான். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனைகள் பின்னாளில் விதிகளாக வகுக்கப்பட்டன.

மதுராந்தகத்துப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று பெயரிட்டே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். இந்தச் சீமையின் விடுதலைப் போராட்டத்தை எழுதுகிறவர்கள் அவரை ஓரமாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏரிக்கரைப் பாதையில் நடக்க உரிமை கேட்டதும் விடுதலைப் போராட்டம்தான்.

இதற்கிடையே 1898இல் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களிலிருந்து பராந்தகச் சோழனின் இரண்டு கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது பகுதிகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறை அவற்றில் இருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட வாரியம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. படிக்கப் படிக்க நெஞ்சு நிமிர்கிறது. அதே கல்லில், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்ற தகுதிகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மனையே இல்லாதவர் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்ததில்லை.

அரசியல் நிர்ணய சபையில் அந்தக் கல்வெட்டு பேசப்பட்டது. 1948 நவம்பர் 22ஆம் தேதி, கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் கடமை என்ற பிரிவை கே. சந்தானம் முன்மொழிந்தார். அதுதான் இப்போதைய 40ஆம் பிரிவு. விவாதத்தில் டி. பிரகாசம் உத்திரமேரூரை எடுத்துக்காட்டினார். அதே மாதத் தொடக்கத்தில், கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் இருப்பிடம் என்று அம்பேத்கர் கடுமையாகச் சாடியிருந்தார். நம் கல்வெட்டையும் ட்ரெமென்ஹீரின் செங்கல்பட்டு அறிக்கையையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தவர்களுக்கு அந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். பிரகாசம், அம்பேத்கர் இருவரும் சொன்னது உண்மை.

சுதந்திரத்துக்குப் பிறகு அதே 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் போக 1980 ஆனது. அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒழித்து, தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்களை அமர்த்தியது. பார்னார்டு காலத்திலிருந்து, ஏன் அதற்கும் பல நூற்றாண்டு முன்பிருந்து, பிறப்பால் கைமாறி வந்த ஊர்க்கணக்கு அன்றுதான் அந்தக் குடும்பங்களை விட்டு வெளியே வந்தது. என் கணக்கில் இந்தச் சீமைக்கு 1947க்கு அடுத்த பெரிய ஆண்டு அதுதான்.

ஆனால் பஞ்சமி நிலம் முழுமையாகத் திரும்பவில்லை. மாநிலமெங்கும் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில். செங்கல்பட்டை அடுத்த காரணையில் நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10ஆம் தேதி காவல்துறை சுட்டது, இருவர் இறந்தார்கள். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பு விடுபட்டு, வேறு பெயர்களில் பட்டா ஏறிவிட்டது என்பது போராடுகிறவர்களின் முக்கியமான குற்றச்சாட்டு. அதனால் அவர்கள் கேட்பது பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல். சர்வே எண்ணைப் பிடித்து, குறிப்புரைப் பத்தியில் அன்று என்ன எழுதியிருந்தது, இன்றைய ‘அ’ பதிவேட்டில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு இந்த மனுக்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. மீண்ட நிலங்கள் சில, நீதிமன்றத்தில் நிற்பவை பல. அந்த வழக்குகளுக்குள் அடுத்த வாரம் போவோம்.